பூட்டுக்காரன் தட்டிய கதவுகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மூன்று பூட்டு, ஒரு பீரோ. பீரோவின் சாவி பாதி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "வருமா, வருமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். வந்தது.

இந்த நோட்டு வேலை விவரம் குறிக்க வாங்கியது. பின்பக்கத்திலிருந்து மகளுக்காக எழுதத் தொடங்குகிறேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னது: "உங்க பொண்ணு எப்பெல்லாம் வெளிய ஓடுறா, என்ன நேரம், அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. அதுலயே விடை இருக்கும்." விடை இருக்கிறதோ இல்லையோ, எழுதிவைக்கிறேன். அந்த அம்மாவுக்கு மறுத்துப் பேசினால் பிடிக்காது.

மகளுக்கு வயது பத்து. வீட்டில் பம்பரம் என்று கூப்பிடுவோம். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், சுற்றுகிற எதையும் விட மாட்டாள். ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. ஏழெட்டு வார்த்தைகள் பேசுவாள், அதுவும் அவளுக்குத் தோன்றும்போது. கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவாள்.

நேற்று: மணி 3.55. நான் வாசலில் பார்சல் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கைக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள். தெருமுனைக்குச் சற்று முன்னால் பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்று கதவுக்கு நான்காவது பூட்டு போட்டேன். உள்ளேயும் சாவி, வெளியேயும் சாவி.

பிப்ரவரி 4, புதன்

ஓடவில்லை. எங்கே ஓடுவது?

பிப்ரவரி 9, திங்கள்

வீட்டிலிருந்து இரண்டு கடை தள்ளி இருக்கும் என் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மனைவி அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மகளைக் குளிப்பாட்டப் போயிருக்கிறாள். பக்கத்தில் கிடந்த துணியில் தீ பிடித்துக்கொண்டது. பெரிய தீ இல்லை, ஒரு வாளித் தண்ணீரில் அணைந்துவிட்டது. ஆனால் புகை. வீடு முழுக்கப் புகை. மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். கதவைத் திறக்க மனைவி சாவியைத் தேடுகிறாள், சாவி இல்லை. வீட்டில் இருக்க வேண்டிய சாவி நேற்று நான் போட்டிருந்த சட்டைப் பையில் இருந்திருக்கிறது, அந்தச் சட்டை துவைக்கிற துணியோடு சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது, அதில் துழாவி எடுத்த பிறகுதான் கதவு திறந்தது. நாலு நிமிஷம். நாலு நிமிஷம் ரெண்டு பேரும் புகைக்குள்ள. நான் எங்கே இருந்தேன்? ஊருக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவரின் மேஜை டிராயரைத் திறந்துகொண்டிருந்தேன்.

இந்த மாதிரிப் பூட்டு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நான் என்ன சொல்வேன்? "உள்பக்கமும் சாவி வேணும்னா சரி, ஆனா சாவி எப்பவும் கதவுக்குப் பக்கத்துலயே தொங்கணும். இல்லன்னா நான் போட மாட்டேன்." இருபது வருடமாகச் சொல்கிறேன். சிலரைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். என் வீட்டில் சாவியைத் தொங்கவிட்டால் மகள் எடுத்துவிடுவாள் என்று தொங்கவிடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மகள். முகமெல்லாம் கரி. திட்டுவாள் என்று நினைத்தேன். "உங்க பூட்டு ரொம்ப நல்ல பூட்டுங்க" என்றாள். "உள்ள இருக்கறவங்களையும் வெளிய விடல."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நாலு பூட்டையும் கழற்றினேன். உள்ளே கையால் திருகினால் திறக்கும் பூட்டு ஒன்றை மட்டும் மாட்டினேன். கதவு திறந்தால் சத்தம் போடும் மணியும் வைத்தேன். மகள் பக்கத்தில் நின்று நான் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை திருகினேன் என்று எண்ணியிருப்பாள்.

பிப்ரவரி 12, வியாழன்

மணி 3.50. ஓடினாள். பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மனைவி கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டாள். காய் நறுக்குவதும் அங்கேதான், துணி மடிப்பதும் அங்கேதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவள், மகளுக்காக இரண்டு வருடம் முன்பு விட்டாள். இப்போது எங்கள் வீட்டுப் பூட்டு அவள்தான்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். எப்போதும் சொல்வதையே சொன்னான். "வெளிய சொல்லிட்டுத் திரியாதடா. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவளுக்குத்தான் கஷ்டம்." ஐந்து வருடமாக அதைத்தான் கேட்டு நடக்கிறேன். இந்தத் தெருவில் யாருக்கும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிப்ரவரி 21, சனி

நூலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பின்அறையில் ஒரு இரும்பு அலமாரி, சாவி தொலைந்துவிட்டது, உடனே வர வேண்டும் என்றார்கள். போனேன். சீருடை போட்ட ஒரு பெண்மணி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும்.

பத்து நிமிட வேலை. திறந்தேன். உள்ளே காதுக்கு மாட்டும் பெரிய சத்தத் தடுப்பான்கள் ஏழெட்டு, கனமான போர்வைகள், படம் ஒட்டிய அட்டைக் கட்டுகள், ஒரு கூடை நிறையச் சுழலும் விளையாட்டுச் சாமான்கள். எல்லாமே எங்கள் வீட்டில் இருக்கிறவை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை மூடிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"தம்பி, உங்க வீட்டுல யாரு?" என்றார் ஓட்டுநர்.

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார். "உள்ள வந்ததும் கதவு சரியா சாத்தியிருக்கான்னு பாத்தீங்க. ஜன்னலைப் பாத்தீங்க. கருவிப் பையைத் தரையில வெக்காம அலமாரி மேல வெச்சீங்க. இந்த அறையில இன்னும் ஒரு பிள்ளை கூட வரல. மகனா, மகளா?"

"மகள்" என்றேன். இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுக்குள் போய் வருகிறேன். முதல் தடவையாக ஒருவர் என்னைத் திறந்து பார்த்துவிட்டார்.

ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே கூடுகிறார்களாம். ஆறு வருடமாக. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போனால் பதினைந்து நிமிடம். ஐந்து வருடமாக எங்கெங்கோ தேடியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் பயணம் செய்து பெரிய மருத்துவமனையின் கூட்டத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். பதினைந்து நிமிடத்தில் இது. இங்கே நான் யாரிடமும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

மூன்று பேரும் போனோம். மனைவி கிளம்பும்போதே சொன்னாள்: "கால் மணி நேரம் பாப்பேன். யாராவது அறிவுரை சொல்ல ஆரம்பிச்சா எழுந்து வந்துடுவேன்."

யாரும் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் மகள் நேராக மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பதறிப்போய் அவளை இழுக்கக் குனிந்தேன். ஒரு அப்பா, தச்சு வேலை செய்கிறவர், "அங்க இன்னொரு ஆள் ஏற்கெனவே இருக்கார், பாத்துக் கூப்பிடுங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். அவருடைய மகள், ஆறு வயது, அதே மேஜைக்கு அடியில் மறுகோடியில் படுத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் தேநீர் குடித்தார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் யாரும் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. வேறொருவர் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தச்சரின் மகள் கிடைத்தாள். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். இருபது நிமிடத்தில் நாற்பது கேள்வி கேட்டாள், ஒன்றுக்கும் பதில் கேட்கக் காத்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு துளிக் கோபம் வரவில்லை. என் மகள் இதையே செய்தால் மட்டும் ஏன் கோபம் வருகிறது? ஓட்டுநர் அக்காவிடம் கேட்டேன். "தச்சர் பொண்ணை யாராவது என்ன நினைப்பாங்களோன்னு உங்களுக்குப் பயம் இல்ல, அதான்" என்றார்.

மகளைப் பார்த்துக்கொண்டது ஓட்டுநர் அக்கா. மனைவிக்கு யாரையும் கொடுக்கவில்லை. புதிதாக வரும் அம்மாக்களுக்கு முதல் தடவை விடுமுறையாம். அவள் நூலகத்துக்குள் போய் ஒரு பத்திரிகையை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். வீட்டுக்கு வந்ததும் "நல்ல பத்திரிகைங்க" என்றாள். பெயர் கேட்டேன். நினைவில்லை என்றாள்.

கால் மணி நேரம் என்று போனவள் இரண்டரை மணி நேரம் இருந்தாள்.

மார்ச் 7, சனி

இன்று ஓடுவதைப் பற்றிப் பேசினோம். நான் பூட்டு வகைகளை எல்லாம் விளக்கினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஓட்டுநர் அக்கா கேட்டார்: "உங்க தெருவுல எத்தனை பேருக்கு உங்க பொண்ணைத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் குரல் மாறவில்லை. "என் பையன் ஏழு வயசுல ஓடினான். அஞ்சு மணி நேரம் கழிச்சுதான் கிடைச்சான். அப்புறம் நான் போய் விசாரிச்சேன். அன்னிக்கு அவனைப் பதினோரு பேர் பாத்திருக்காங்க. வெறுங்காலோட, தனியா நடந்து போறான், பதினோரு பேரும் பாத்திருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்ல தம்பி. யாரு பிள்ளைன்னு தெரியல, யாருக்குச் சொல்லணும்னு தெரியல, கூப்பிட்டா திரும்பல. விட்டுட்டாங்க."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பத்துக் கதவைத் தட்டுங்க" என்றார். "அவ போற வழியில பத்து. இதுதான் பேரு, இப்படித்தான் இருப்பா, பாத்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. அவ்வளவுதான் சொல்லணும். பூட்டு அப்புறம்."

மார்ச் 9, திங்கள்

மருந்துக் கடைக்குப் போனேன். முதல் கதவு. கடைக்காரர் "வாங்க, உங்களைத்தான் நினைச்சேன், ஷட்டர் பூட்டு இறுகுது" என்றார். கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிக் கொடுத்தேன். நன்றி சொன்னார். வந்துவிட்டேன்.

சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அங்கேயும் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம். இந்தத் தெருவில் பாதி வீட்டுப் பூட்டு நான் போட்டது. யார் வீட்டில் எந்தக் கதவு இடிக்கும், யார் ஊருக்குப் போனால் சாவியை எங்கே ஒளித்துவைப்பார்கள் என்றுகூடத் தெரியும். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். அதுதான் உண்மை, வேறு பெயர் வைத்து என்ன பயன். அவளை நினைத்தா, என்னை நினைத்தா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தெருவில் கொடுப்பதற்கு ஒரு தாள் எழுதினேன். அவள் படம், உயரம், நிறம், அடையாளம், "தகவல் தருவோர் தொடர்புகொள்ள". மனைவி வாங்கிப் படித்தாள். "இவ என்ன நகைக் கடையில திருடிட்டு ஓடினவளா?" என்று கிழித்துப் போட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பல மாதம் கழித்துச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

பிறகு மனைவி எழுதியது இது: "நான் ஆறாம் எண் வீட்டுப் பெண். என்னைப் பம்பரம் என்று கூப்பிடுங்கள். எனக்கு அதிகம் பேச வராது, ஆனால் நீங்கள் சொல்வது புரியும். என்னைப் பின்னாலிருந்து பிடிக்காதீர்கள், பயந்து இன்னும் வேகமாக ஓடுவேன். முன்னால் வந்து நில்லுங்கள், சுற்றுகிற எதையாவது காட்டுங்கள். பிறகு என் அப்பாவைக் கூப்பிடுங்கள்." கீழே என் எண்.

வாசித்துவிட்டு நான் எழுந்து பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

குழு முடிந்து வரும் வழியிலேயே மனைவி மருந்துக் கடைக்குள் ஏறினாள். நானும் மகளும் பின்னால் போனோம். "இவ எங்க பொண்ணு. ஆட்டிசம் இருக்கு. சில சமயம் வீட்டை விட்டு ஓடிடுவா. உங்க உதவி வேணும்" என்றாள். நாலே வாக்கியம். ஐந்து வருடமாக என் தொண்டையில் நின்றது நாலு வாக்கியம்.

கடைக்காரர் தாளை வாங்கிப் படித்தார். கல்லாவுக்குப் பின்னால், அவர் தினமும் பார்க்கும் இடத்தில் ஒட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு வந்து ஷட்டரைச் சரி பண்ணீங்களே, இதுக்குத்தான் வந்தீங்களா?" என்றார். தலையாட்டினேன். "ஷட்டர் நல்லா ஓடுது" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு மகளுக்காகச் சுழற்றிக் காட்டினார். தையல்காரம்மாவும் மளிகைக் கடைக்காரரும் சரி என்றார்கள். இன்றைக்கு நாலு கதவு.

மார்ச் 15, ஞாயிறு

நாய் வளர்க்கும் பெரியவர் வீடு. திருப்பத்தில் இருக்கிறது, வண்டிகள் வேகமாக வரும் இடம், அதனால் விட முடியாது. இந்தத் தடவை நானே சொன்னேன். அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "பூட்டு வேலை செய்யறவரு. வீட்டைப் பூட்டி வெக்கத் தெரியாதா?" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பூட்டினேன்யா, பூட்டித்தான் கொல்லப் பாத்தேன் என்று கத்த வாயெடுத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்தாள். அவள் தாளை அவர் வீட்டு வாசல் படியில் வைத்துவிட்டு, "படிச்சுட்டுப் போட்டுடுங்க ஐயா" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

தெருமுனையில் சலவைக் கடை. பெரிய பெரிய இயந்திரங்கள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கடை நடத்தும் அம்மா தனி ஆள். நான் ஆரம்பிப்பதற்குள் "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உங்க பொண்ணைத் தெரியும். ரெண்டு வருஷமா பாக்கறேனே. ஓடி வந்து இந்தக் கண்ணாடியில மூக்கை வெச்சு நிப்பா. நீங்க பின்னாடியே வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவீங்க. ஒரு நாளாவது என்னை நிமிந்து பாத்தீங்களா தம்பி? நானும் கூப்பிடலாம்னு பாப்பேன். கோவக்கார மனுசன் போலன்னு விட்டுடுவேன்."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "நாலு மணிக்குத்தான் பெரிய மெஷினை ஓட விடுவேன். ஹோட்டல் துணி. அதைப் பாக்கத்தான் வர்றா."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 3.55. 3.50. 3.50. 3.45. 3.55. பக்கம் பக்கமாக நேரம் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டாள், யார் சத்தம் போட்டார்கள், எல்லாம் எழுதியிருக்கிறேன். அவள் ஓடிப் போய் எதைப் பார்த்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் வீட்டை விட்டு ஓடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

மார்ச் 18, புதன்

மணி 3.45. நானும் மகளும் கதவைத் திறந்துகொண்டு சேர்ந்து போனோம். அவள் ஓடவில்லை. நடந்தாள். என் விரலைப் பிடித்திருந்தாள். சலவைக் கடை அம்மா ஒரு முக்காலியை இயந்திரத்துக்கு எதிரே போட்டு வைத்திருந்தார். நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசையாமல். மருத்துவர் பார்த்தால் அவர் எழுதியதைத் திருத்துவார்.

இயந்திரம் நின்றதும் "முடிஞ்சுது" என்றாள். தெளிவாக. சலவைக் கடை அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. "ஆமாண்டி கண்ணு, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுக்கப் போனார்.

மார்ச் 28, சனி

குழுவில் நோட்டைக் காட்டினேன். பேச்சுப் பயிற்சி அம்மாவும் வந்திருந்தார். "பாத்தீங்களா, அதுலயே விடை இருந்துச்சு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு மறுத்துப் பேசினால் பிடிக்காது.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தினமும் நானோ மனைவியோ அழைத்துப் போகிறோம். இன்று மனைவிக்குக் காய்ச்சல். நான் மூன்றரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வேறு தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஒரு பழைய இரும்புப் பெட்டி மாட்டிக்கொண்டது. பூட்டுக்குள் விட்ட என் நெம்புக் கம்பி சிக்கி, விட்டால் உள்ளே விழுந்துவிடும், விடவும் முடியாமல் வரவும் முடியாமல் நிற்கிறேன். மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டாள். கதவு மணி அடிக்கவில்லை. முந்தின நாள் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக அதை நான்தான் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அது என் பையிலேயே இருந்தது. நான் திருந்துகிற ஆளா?

3.52. போன். மருந்துக் கடைக்காரர். "உங்க பொண்ணு தனியா போறா. நான் கடைக்கு வெளிய வந்து நின்னுட்டேன். நல்லாத்தான் போறா."

கம்பியை விட்டேன். உள்ளே விழுந்தது. படியிறங்கி ஓடினேன்.

3.53. சைக்கிள் கடை. "இங்க ஒரு நிமிஷம் நின்னா. சக்கரத்தைச் சுத்திக் காட்டினேன், பாத்துட்டுக் கிளம்பிட்டா. கண்ணுல வெச்சிருக்கேன்."

3.55. தெரியாத எண். வண்டியில் ஏறிவிட்டேன், காதில் வைத்தேன். ஒரு நாய் குரைக்கும் சத்தம். "நான் திருப்பத்து வீடு. அவ ரோட்டு ஓரமா வர்றா. நான் நடுரோட்டுல நிக்கிறேன், வண்டி எல்லாம் நிறுத்திட்டேன். பின்னாடியிருந்து பிடிக்கல. நீங்க பதறாம வாங்க."

பின்னாடியிருந்து பிடிக்கல. அவர் அந்தத் தாளைப் படித்திருக்கிறார்.

3.58. சலவைக் கடை. "வந்துட்டா. முக்காலியில உக்காந்திருக்கா. மெஷின் இப்பதான் ஆரம்பிச்சுது, மெதுவா வாங்க."

நான் போனபோது மனைவி எனக்கு முன்னால் அங்கே இருந்தாள், செருப்புக்கூட இல்லாமல். தையல்காரம்மா போய் எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார். மகள் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். இயந்திரம் பாதிதான் ஓடியிருக்கிறது, அதற்குள் எதற்கு வந்தீர்கள் என்கிற பார்வை. மறுபடியும் திரும்பிக்கொண்டாள்.

நான் அந்தக் கடையின் தரையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. வழியில் வருகிறவர் போகிறவர் எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. ஆறு நிமிடத்தில் நாலு போன். ஓட்டுநர் அக்காவின் மகனைப் பதினோரு பேர் பார்த்தார்கள், ஒருவராலும் முடியவில்லை. என் மகளைப் பார்த்த எல்லாரும் கூப்பிட்டார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது? எனக்குத் தெரிந்தது பூட்டு வேலை மட்டும்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

திருப்பத்து வீட்டுப் பெரியவரிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் கோவக்காரன்தான், எனக்கு அந்த மன்னிப்பின் அருமை தெரியும்.

ஏப்ரல் 11, சனி

குழுவில் சொன்னேன். ஓட்டுநர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னும் கதவு பாக்கி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நாலு இருக்கிறது என்றேன். "முடிச்சுடுங்க" என்றார். தச்சரின் மனைவி அவர்கள் தெருவுக்கும் ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். என் மனைவி எழுதுகிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்தும் முடிந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "தெருவுக்கே சொல்லிட்டேன்" என்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேனோடா?" என்றான். நான் ஆமாம் என்றேன். கோபமில்லாமல் சொன்னேன்.

மே 6, புதன்

மனைவி வாரத்தில் மூன்று காலை எக்ஸ்ரே பிரிவுக்குப் போகிறாள். முதல் நாள் திரும்பி வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, "கால் வலிக்குது" என்றாள் சந்தோஷமாக.

மே 22, வெள்ளி

மகளோடு நாங்கள் நடப்பதை நிறுத்தப் பார்க்கிறோம். முதலில் பத்தடி பின்னால். பிறகு இருபதடி. குழுவில் எல்லாரும் சேர்ந்து யோசித்துப் போட்ட திட்டம். இந்த வாரம் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டாள். சாலையைக் கடக்க வேண்டியதில்லை, எல்லாக் கடையும் எங்கள் பக்கம்தான். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன் என்று சலவைக் கடை அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். திருப்பத்துப் பெரியவர் நாயோடு நடக்கப் போகும் நேரத்தை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

நாலு மணிக்குச் சலவைக் கடையிலிருந்து போன் வரவில்லை. மனைவி வாசலில் இருந்து பார்த்தாள், மகள் கடைக்குள் நுழைவது தெரிந்தது என்றாள். சரி என்று இருந்தேன். நாலே முக்கால் ஆயிற்று. கிளம்பிவிட்டாள் என்று வரும் போனும் வரவில்லை. கையில் இருந்த சாவியை அராவும்போது தப்பாக அராவிவிட்டேன். தாங்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"வந்தாளா?"

"வந்தா. பாத்தா. போயிட்டா" என்றார் சலவைக் கடை அம்மா. "ஏன், வீட்டுக்கு வரலியா?"

திரும்பிப் பார்த்தேன். என் கடைக்கு உள்ளே, சாவி தேய்க்கும் சக்கரத்துக்கு எதிரே மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. வீட்டைத் தாண்டி இரண்டு கடை அவளே நடந்து வந்திருக்கிறாள். மனைவி வாசலில் நின்று எனக்குக் கையசைத்தாள்.

"வந்துட்டாம்மா. நீங்க ஏன் போன் பண்ணல?" என்றேன். கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் கேட்டேன்.

"நல்லா இருக்கே" என்றார் அவர். பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. "தெருவுல எல்லாப் பிள்ளைகளும்தான் என் கடைக்கு வருது, போவுது. ஒவ்வொண்ணுக்கும் வீட்டுக்குப் போன் பண்ணிட்டா இருக்கேன்?"

போனை வைத்துவிட்டு அதை அப்படியே மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.